வாலுக்கு எட்டும் பிரேக்

ஒரு காட்டில் விலங்குகளுக்கெல்லாம் நடந்து நடந்து அலுத்துப்போயிற்று. இனி நாமே கார் செய்துகொள்வோம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தன. யார் வடிவமைப்பது என்ற பேச்சு வந்ததும், ஒப்பிலாமணி என்ற கடுவன் குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்தான். காட்டை ஒட்டி ஒரு தார்ச்சாலை போகிறது. அதன்மேல் கவிந்த புளியங்கிளையில்தான் அவன் பிறந்து வளர்ந்தது. அந்தக் காட்டில் அவனைவிட அதிகமாகக் கார் பார்த்தவர் யாருமில்லை. ஆகவே வேலை அவனுக்கே போயிற்று.

அவன் பார்த்ததெல்லாம் மேலிருந்துதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வண்டிக்குத் 'தாவல்' என்று பெயர் வைத்தான். தாவலின் கூரை அப்படி ஒரு அழகு. வளைவும் நெளிவும் பளபளப்பும் பார்த்தால் மேலேறிப் படுத்துக்கொள்ளத் தோன்றும். பெட்ரோல் மூடியைக் கூரையின் நட்ட நடுவில் பூவைப்போலப் பதித்திருந்தான். பெட்ரோல் ஊற்ற ஏணி வேண்டும். ஏணி வைக்க டிக்கியில் தனி இடமே விட்டிருந்தான். டிக்கியைத் திறக்கும் பிடி மட்டும் கூரைமேல் இருந்தது.

காரின் உட்புறத்தை அவன் பார்த்ததே இல்லை. அதனால் உள்ளே தனக்குத் தோதாகச் செய்துகொண்டான். குரங்குக்கு முதுகில் அடிமரம் பட்டால்தான் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனவே ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கூரைவரை கனத்த தேக்குப் பலகையை நிறுத்தினான். பலகையின் அடியில் வால் நுழைய ஒரு துளை. ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை இரண்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கால் ஒன்று, வாலுக்கு மட்டும் வேலை இல்லாமல் போவதா என்று பலகையின் பின்பக்கத்தில் வாலுக்கு எட்டும்படி மூன்றை மாட்டினான். வாலால் அடித்தால் ஹாரன். வாலை இப்படியும் அப்படியும் ஆட்டினால் வைப்பர். ஓர் இரும்பு வளையத்துக்குள் வாலைவிட்டு உள்ளே இழுத்தால் பிரேக்.

காலுக்குப் பிரேக் கிடையாது. கிளைக்குக் கிளை பாய்கிறவன் எதைப் பிடித்து நிற்பான்? வாலைத்தான்.

வண்டியைச் சோதித்துப் பார்த்ததும் ஒப்பிலாமணிதான். ஒரு குறையும் தட்டுப்படவில்லை. மரத்துக்கு மரம் அவன் சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள்.

முதல் வண்டியை மலைத்தேன் கொடுத்து வாங்கியவன் பேச்சிமுத்து என்ற கரடி. கூச்ச சுபாவி. யாரையும் ஏறிட்டுப் பேசாதவன். கரடிக்கும் வால் உண்டுதான். ஆனால் அது இருப்பது கரடிக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். பலகைத் துளைவரைகூட அது போய்ச் சேராது. கையை விடலாம் என்றால் துளை வால் பருமன்தான். பேச்சிமுத்துவின் கையோ உலக்கை.

ஹாரனும் வைப்பரும் இல்லாமல் ஒருவாறு ஒப்பேற்றினான். வண்டியை நிறுத்துவதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மெதுவாகக் கொண்டுபோய்க் கறையான் புற்றில் முட்டுவான். வண்டி நிற்கும். நின்றதும் இறங்கிக் கறையானைத் தின்பான். பம்பர் நசுங்கினாலும் வயிறு நிறைந்தது. ஆனால் போகப்போக அவன் வீட்டுப் பக்கம் புற்றே இல்லாமல் போய்விட்டது. நிற்கிற இடம் ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போயிற்று. வண்டியை விட்டுவிட்டு நடந்து வருகிற தூரம், வண்டி வாங்குமுன் நடந்த தூரத்தைவிட அதிகமானபோது, அவன் துணிந்து ஒப்பிலாமணியைப் பார்க்கப் போனான்.

பிரேக்கைக் காலுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஒப்பிலாமணி அவனைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தான். "பேச்சிமுத்தண்ணே, உனக்கு வால் இல்லாதது வண்டியோட குறையா? யாராவது ஒருத்தர் வண்டி ஓடலைன்னு வந்து சொல்லட்டும், மாத்துறேன். உன் வண்டி ஓடுது. நிக்கலைன்னுதானே சொல்றே?"

பேச்சிமுத்து வந்த வழியே திரும்பினான். வீட்டுக்கு வந்து மனைவி செண்பகத்திடம் சொன்னான். அவள் வழக்கம்போல் திட்டினாள். தண்டச்சோறு என்றாள். மண்பானைக்கு மயிர் முளைத்த மாதிரி ஒரு தலை என்றாள். செண்பகத்தின் திட்டு அந்த வட்டாரத்திலேயே பேர்போனது. அவள் வாய் திறந்தால் தேனீக்கள் தாமாகவே கூட்டைக் காலிசெய்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஏரி நிரம்பியது. ஏரி நிரம்பினால் புலிராஜா நேரில் வந்து தண்ணீருக்கு மாலை போடவேண்டும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். இந்த முறை காரில்தான் போவேன் என்றார் ராஜா. இதுவரை மரத்தில் மோதாத ஓட்டுநர் யார் என்று விசாரித்தார்கள். பேச்சிமுத்து ஒருவன்தான் மரத்தில் மோதியதில்லை. புற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ராஜா சுருக்கமாகச் சொன்னார். "பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்தா நீதான் அரண்மனை ஓட்டுநர். ஏதாவது கோளாறு ஆச்சுன்னா, விழா விருந்துக்கு வேற ஆளைத் தேடவேண்டாம்."

பேச்சிமுத்து கும்பிட்டான். பயத்துக்கு அடியில் ஓர் ஆசையும் இருந்தது. ராஜாவே உட்கார்ந்து போனால் வண்டியின் லட்சணம் ராஜாவுக்கே தெரியும். பிரேக் காலுக்கு வந்துவிடும். உயிர் மட்டும் மிஞ்சவேண்டும்.

ராஜா பின் இருக்கையில் நீளமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டார். வால் முன்னால் வழிந்து, பலகையின் பின்புறத்தில் போய் உரசிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்ததால் ராஜாவுக்கு மரங்களின் உச்சி தெரிந்தது. வழி தெரியவில்லை. பேச்சிமுத்துவுக்கு வழி தெரிந்தது. பலகை மறைத்ததால் ராஜா தெரியவில்லை.

ஓடைத் திருப்பத்தில் எருமைக் கூட்டம் ஒன்று சாலையில் படுத்திருந்தது. எருமைகளுக்கு ஒரு முறை உண்டு. ஹாரன் அடித்தால் எழுந்திருக்கும். அடிக்காவிட்டால் எமனே வந்தாலும் அசைபோடும். பேச்சிமுத்துவுக்கு வியர்த்தது. வண்டி நிற்காது. எருமை நகராது. தலையில் அடித்துக்கொண்டு தன்னைத்தானே சபித்தான். அவனுக்கென்று சொந்தமாக ஒரு திட்டும் கிடையாது. கையிருப்பெல்லாம் செண்பகம் கொடுத்ததுதான்.

"தண்டச்சோறு," என்றான். "உட்கார்ந்த இடத்திலேயே தின்று கொழுத்த தண்டச்சோறு."

பின்னால் ராஜாவின் வால் விருட்டென்று எழுந்து பலகையில் படீரென்று விழுந்தது. பேச்சிமுத்துவின் கைக்கு வந்த நாள்முதல் முழங்காத ஹாரன் அன்று முழங்கிற்று. எருமைகள் அரக்கப்பரக்க எழுந்து வழிவிட்டன.

"யாரைச் சொன்னே?" என்றார் ராஜா.

ராஜா பலகையை ஓர் அறை அறைந்தார். தேக்கு அசையவில்லை. ஒப்பிலாமணியின் வேலையில் உருப்படியானது அந்தப் பலகை ஒன்றுதான். "இறங்கினதும் பேசிக்கலாம்," என்றார் ராஜா, மிகவும் மெதுவாக.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, மரம் எது வழி எது என்று தெரியவில்லை. பேச்சிமுத்து கோபத்தைத் தணிக்கப் பார்த்தான். மகாராஜாவின் மீசையைப்போல ஒரு மீசையை ஏழு மலையிலும் கண்டதில்லை என்றான். மகாராஜா நடந்தால் புல்லே தலைவணங்குகிறது என்றான். முகஸ்துதி என்று ராஜாவுக்குத் தெரிந்தது, அவர் வாலுக்குத் தெரியவில்லை. அது இப்படியும் அப்படியும் சுகமாக ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் வைப்பரும் இப்படியும் அப்படியும் ஆடியது.

அப்போதுதான் பேச்சிமுத்துவுக்கு வண்டி ஓட்டும் வித்தை பிடிபட்டது.

வழி தெரியவில்லையா, புகழ்ந்தான். முயல் குறுக்கே வந்ததா, திட்டினான். மழை வலுத்தபோது மகாராஜாவின் கண்ணழகைப் பாடினான். மயில் நடுவழியில் தோகை விரித்து நின்றபோது மகாராஜாவின் அம்மா பிள்ளை வளர்த்த லட்சணத்தைக் கேட்டான். கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பலகைக்கு அந்தப்பக்கம் முகம் தெரியாததால் நாக்கு தானாக வந்தது. கொட்டுகிற மழையில் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு சாலையைக் கடக்க வந்தபோது, வைப்பரும் வேண்டும், ஹாரனும் வேண்டும்.

"மகாராஜா, தாங்கள் அழகில் மன்மதன், அறிவில் மண்பானை. வீரத்தில் இடி, வேலையில் தடி. தங்கள் பற்கள் முத்து, தாங்கள் ஒரு வெட்டிச் சொத்து."

வால் ஆடுவதா அடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தது. வைப்பர் ஆட, ஹாரன் முழங்க, வண்டி தேர்போலப் போயிற்று. பன்றி குட்டிகளோடு ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்த்தது. உள்ளே ராஜா, இவன் திட்டுகிறானா புகழ்கிறானா என்று தனக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் களேபரத்தில் வால் வளையத்துக்குள் நுழைந்துகொண்டது. வளையம் கிணுகிணுத்ததைப் பேச்சிமுத்து கேட்டான்.

மழை விட்டது. எதிரே ஏரி.

சாலை அங்கே சரிந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையில் காடே திரண்டு நின்றது. முன்வரிசையில் ஒப்பிலாமணி, கழுத்தில் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மாலையோடு. பேச்சிமுத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். சரிவில் வண்டி இன்னும் வேகமெடுத்தது. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். ஒரு புற்றுகூட இல்லை.

வால் உள்ளே போகவேண்டும். வால் உள்ளே போகவேண்டுமானால் ராஜா பயப்படவேண்டும். வேட்டைக்காரன் நிற்கிறான் என்று சொல்லிப் பார்த்தான். எத்தனை பேர் என்று ராஜா ஆவலோடு கேட்டார். மதயானை என்றான். நலம் விசாரித்ததாகச் சொல் என்றார். கையிருப்புப் பொய்யெல்லாம் தீர்ந்தது. ஏரி நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பேச்சிமுத்து உண்மையைச் சொன்னான்.

"மகாராஜா, இந்த வண்டியில் எனக்குப் பிரேக் கிடையாது. இதுவரை புற்றில் முட்டித்தான் நிறுத்தியிருக்கிறேன். எதிரே இருப்பது ஏரி."

பின்னால் வால் விசுக்கென்று உள்ளே போயிற்று. வளையம் இறுகியது.

தாவல் முனகிக்கொண்டு நின்றது. முன் சக்கரங்கள் தண்ணீரில். பம்பரில் ஓர் அல்லிப்பூ வந்து மோதிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. பேச்சிமுத்து மெல்ல இறங்கி வந்து பின் கதவைத் திறந்தான். ராஜாவின் வால் இன்னும் கால்களுக்கு இடையில்தான் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா வாலை ஒவ்வோர் அங்குலமாக வெளியே எடுத்தார்.

அதற்குள் ஒப்பிலாமணி கூட்டத்துக்கு விளக்கத் தொடங்கிவிட்டான். அவன் மகிழ்ச்சிக்கு அளவில்லை. "பார்த்தீங்களா, என்ன வழவழன்னு நின்னுச்சு. ஓட்டுறவருக்கு வால் இல்லை. அப்போ ராஜாதான் நிறுத்தியிருக்கார். வாலை நல்லா உள்ளே இழுத்துச் சுருட்டினாத்தான் இந்தப் பிரேக் பிடிக்கும்."

கொக்கு ஒன்று கழுத்தை நீட்டி, புலி எதற்கு வாலை உள்ளே இழுக்கவேண்டும் என்று பக்கத்துக் கொக்கிடம் கேட்டது. ராஜா பேச்சிமுத்துவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விழா விருந்து தெரிந்தது.

பேச்சிமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசினான். மகாராஜா இன்று தாமே வண்டியை ஓட்டி வந்தார் என்றான். தான் முன்னால் சும்மா பொம்மைபோல உட்கார்ந்திருந்ததாகவும், ஹாரன், வைப்பர், பிரேக் எல்லாவற்றையும் மகாராஜா படுத்தபடியே வாலால் நடத்தினார் என்றும் சொன்னான். கூட்டம் வாயைப் பிளந்தது. ராஜாவின் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆமாம்," என்றார். "வண்டி நல்ல வண்டி."

ஒப்பிலாமணி பெரியமனது பண்ணிப் பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பினான். "அண்ணனுக்குத்தான் பிரேக்கை மாத்தணும்னு ஏதோ குறை இருந்துச்சு."

"குறையா?" என்றான் பேச்சிமுத்து. "யார் சொன்னது?"

மாலை போட்டு முடிந்ததும் ராஜா அவனைத் தனியே அழைத்தார். தண்டச்சோறு என்றாயே என்று கேட்டார். அது ஹாரன், மகாராஜா, என்றான் பேச்சிமுத்து. ராஜா கொஞ்சம் யோசித்தார்.

"அழகில் மன்மதன்னு சொன்னியே?"

"அது வைப்பர், மகாராஜா."

ராஜாவின் முகம் வாடிவிட்டது. "அதுவும் வைப்பர்தானா," என்றார். பிறகு வானத்தைப் பார்த்து, திரும்பிப் போகையில் மழை வருமா என்று கேட்டார்.

மறுநாளே ஆணை பிறந்தது. இனி அந்தக் காட்டில் எல்லாக் கார்களும் தாவலைப்போலவே இருக்கவேண்டும். ஓட்டுநருக்கு வால் போதாவிட்டால் வாலுள்ள ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொள்ளவேண்டும். ஒப்பிலாமணியின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பின் இருக்கையில் வேலை கிடைத்தது. முயலும் மானும் ஓட்டப் பழகுமுன் திட்டப் பழகின. செண்பகம் புளியமரத்தடியில் பள்ளி தொடங்கினாள். புருஷன் அரண்மனை ஓட்டுநர் என்பதில் அவளுக்குப் பெருமைதான். ஆனாலும் காலையில் அவன் புறப்படும்போது புதிதாக நாலு வார்த்தை திட்டித்தான் அனுப்புவாள். அவன் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டு போவான்.

அடுத்த ஆண்டு தாவலின் புதிய வண்டி வந்தது. ஓட்டுநர்களின் சிரமத்தைக் கேட்டறிந்து ஒரு திருத்தம் செய்திருப்பதாக ஒப்பிலாமணி அறிவித்தான். ஏணியை டிக்கியிலிருந்து எடுத்துக் கூரைமேல் கட்டியிருந்தான்.

நீதி: வண்டியில் குறை இருந்தால் செய்தவனிடம் போய் நிற்காதே. வாலுள்ள பெரிய மனிதர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டு. ஏரி வந்தால் மட்டும் உண்மையைச் சொல்.