ரெண்டு சாயா அண்ணாச்சியின் போட்டோ

கொச்சி மட்டாஞ்சேரியில் போலீஸுக்குப் பயப்படாத டிரைவர்கள் உண்டு. வரி ஆபீஸுக்குப் பயப்படாத மிளகு வியாபாரிகளும் உண்டு. ஆனால், ‘ரெண்டு சாயா’ அண்ணாச்சியின் சரக்கு ஆட்டோவில் இடப்பக்கம் உட்காரப் பயப்படாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது.

அண்ணாச்சி தென்காசிப் பக்கம். பஜாரில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் ரெண்டு சாயா சொல்வார். ஒன்று அவருக்கு, மற்றது சுலைமானுக்கு. சுலைமான் அவருடைய கூட்டாளி; பஜாருக்கு அவர் ‘இக்கா’, அதாவது அண்ணன். வருஷக்கணக்காக அந்த வண்டியில் மூட்டை ஏற்றி இறக்கியவர். காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அந்தத் தகவலை அண்ணாச்சி ஏற்றுக்கொள்ளவில்லை. சுலைமானும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒருமுறை ஏலக்காய்க் கடைக் கணக்குப்பிள்ளை, “பேயாவது பிசாசாவது” என்று அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே இறங்கினார்.

“சீட்டு சுடுதய்யா! இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு.”

வண்டி காலையிலிருந்து நிழலில்தான் நின்றிருந்தது. அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

“எந்திரிச்சு எங்க போனான்? அவன் மடியிலல்லா உக்காந்தீரு!”

அப்போது நான் அதே பஜாரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். அண்ணாச்சி ஒருநாள் தன் லைசன்ஸை நீட்டினார். காலாவதியாகி ஒரு வருஷம் முடியப் போகிறது. மனிதர் அப்போதுதான் கவனித்திருக்கிறார். வருஷம் தாண்டினால் எல்.எல்.ஆரிலிருந்து மறுபடி தொடங்கி, மைதானத்தில் கம்பிகளுக்கு நடுவே ஓட்டிக் காட்ட வேண்டும். அறுபது வயதில் அது நடக்கிற காரியமில்லை. வண்டியை விற்க வேண்டியதுதான்.

டாக்டர் சர்டிபிகேட்டை ஏற்றினேன். சைஸ் பெரிது என்றது வெப்சைட். சுருக்கினேன், தெளிவில்லை என்றது. ஓ.டி.பி. வந்து சேர்வதற்குள் பக்கமே மூடிக்கொண்டது. இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பது. அடுத்து நடந்தது யாருக்கும் நடக்காதது. அண்ணாச்சியின் போட்டோவை ஏற்றினால், ‘படத்தில் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும்’ என்று திருப்பி அனுப்பியது.

பின்னாலிருந்த சாமி காலண்டரைக் கழற்றினேன். வெள்ளைத் துணி கட்டினேன். ஸ்டுடியோவுக்கும் அனுப்பினேன். எல்லாப் படத்திலும் அண்ணாச்சி தனியாகத்தான் இருந்தார். ஆனால், யாருக்கோ இடம் விட்ட மாதிரி சற்று வலப்பக்கம் ஒதுங்கியிருந்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போனோம். குமாஸ்தா படத்தை உற்றுப் பார்த்தார்.

“ஒரு ஆள்தானே சார் இருக்கு?” என்றேன்.

“எனக்கும் ஒராளைத்தான் காணுது. சிஸ்டம் ரெண்டுன்னு பறயுது. சேட்டா, ஒராள் மதி கேட்டோ, ஒராள் போதும். மத்த ஆளுக்கு வேணும்னா தனி அப்ளிகேஷன் வைக்கணும்.”

வருஷம் முடிய அதுதான் கடைசி நாள். மறுபடி என் கடையில் உட்கார்ந்தோம். வெளியே கொட்டுகிற மழை. மறுபடியும் அதே பதில் வந்ததும் என் பொறுமை போய்விட்டது.

“அண்ணாச்சி, அவரைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க!”

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. “சொல்லிருவேன். கோவிச்சுக்கிட்டு அவன் திரும்பி வரலைன்னா?”

“லைசன்ஸ் போச்சுன்னா வண்டியே இல்ல. அப்புறம் அவர் எங்க உக்காருவார்?”

அண்ணாச்சி மேசையிலிருந்த லைசன்ஸை எடுத்துப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் திரும்பி, “சுலைமானே, ஒரு நிமிஷம் வெளிய நில்லு மக்கா” என்றார்.

கடைக் கதவு திறந்து மூடிக்கொண்டது. காற்றாக இருக்கலாம். நான் அவசரமாகப் படமெடுத்து ஏற்றினேன். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது.

ரசீதைக்கூட வாங்காமல் அண்ணாச்சி மழையில் இறங்கினார். “சுலைமானே! சுலைமானே!” என்று தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். பிறகு வாசலில் நின்ற வண்டியின் வலப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“போயிட்டான்” என்றார்.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இன்றும் கிடையாது. ஆனால் அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானும் மழையில் இறங்கி, பஜாரே வேடிக்கை பார்க்கத் தொண்டை கிழியக் கத்தினேன்.

“சுலைமான் இக்கா! கோவிச்சுக்காதீங்க! வேலை முடிஞ்சுது, வாங்க இக்கா!”

நின்றிருந்த வண்டி இடப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி வண்டியைக் கிளப்பினார். தெரு முனை திரும்பும்வரை நான் நனைந்தபடியே நின்று, ரெண்டு பேருக்கும் கை காட்டினேன்.