ஜன்னல் பக்கம் இருபத்து மூன்று நடை

முட்டாள்தனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யோசிக்காமல் செய்வது. அதை யாரும் மன்னித்துவிடுவார்கள். இன்னொன்று, நோட்டு, டேப், சிவப்புப் பேனா எல்லாம் வைத்துக்கொண்டு, நிதானமாக அளந்து செய்வது. நான் செய்தது இரண்டாவது வகை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். வேலையாள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு வீண் அடியும் நஷ்டம், அதைக் கண்டுபிடித்து ஒழிப்பவனே நல்ல சூப்பர்வைசர் என்பது அதன் சாரம். மூன்றாம் நாள் ஒரு சான்றிதழும் லட்டும் தந்தார்கள். லட்டு அன்றைக்கே செரித்துவிட்டது. சான்றிதழ்தான் தலைக்கு ஏறியது.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. புதுவாயலுக்கு உள்ளே தள்ளி எங்கள் வீடு. சமையலறை எட்டடிக்கு ஏழடி. அதற்குள் மேடை, சிலிண்டர், ஃப்ரிட்ஜ், கிரைண்டர், என் மனைவி ரேவதி, எல்லாம் இருந்தாக வேண்டும். வேறு யாராக இருந்தாலும் சமைக்கிறவளிடம் "உனக்கு எது எங்கே வேணும்?" என்று கேட்டிருப்பார்கள். (சான்றிதழ் இல்லாதவர்கள்.) நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசற்படி ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் நடப்பதை எண்ணி நோட்டில் எழுதினேன்.

"இன்னாங்க, என்னையே பாத்துக்கினு இருக்கீங்க?" என்றாள் ரேவதி. கொஞ்சம் வெட்கப்பட்டாள் என்றுகூட நினைக்கிறேன். பாவம்.

கணக்கு முடிவில் அடுப்புக்கும் தொட்டிக்கும் பதினேழு நடை. ஃப்ரிட்ஜுக்கு ஒன்பது. ஜன்னலுக்கு இருபத்து மூன்று! சமையலுக்குச் சம்பந்தமே இல்லாத ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் இரண்டரை அடிச் சந்து. சந்தைத் தாண்டினால் பக்கத்து வீட்டு ஃபிலோமினாவின் சமையலறை ஜன்னல். இரண்டு பேரும் கையை நீட்டினால் கம்பிக்கு நடுவே ஒரு கிண்ணம் போய் வரும். பதினோரு வருஷமாகக் குழம்பும் புளியும் பேச்சும் அந்த வழியாகத்தான் போய் வந்தன. நான் நோட்டில் கட்டம் போட்டு, "ஃபிலோமினா – 23 முறை – தேவையற்றது – நீக்கவும்" என்று எழுதி, சிவப்பில் அடிக்கோடும் இட்டேன்.

அடுத்த வாரம் தங்கை பிரசவத்துக்காக ரேவதி மகளையும் கூட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து அவளை அசத்திவிடுவது என் திட்டம். ஏகாம்பரம் மேஸ்திரியை வரவழைத்து வரைபடத்தைக் கொடுத்தேன்.

"சார், ஜன்னலு?" என்றார் அவர்.

"அடைச்சிடுங்க."

"ஊட்ல அம்மாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவங்களுக்காகத்தானே செய்றேன்!"

பாதிச் சுவர் எழும்பியபோது ஃபிலோமினா அந்தப் பக்கம் வந்து நின்றாள். "இன்னாண்ணே, ஜன்னல அடைக்கிறீங்க?"

"இனிமே இது தேவையில்லம்மா" என்றேன், பெருமையாக. "இந்த இடத்துல பெரிய அலமாரி வருது."

அவள் செங்கல்லைப் பார்த்தாள். "சரிங்கண்ணே" என்றாள். பிறகு தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சிமெண்ட் தூசி போகாமல் இருக்கத்தான் சாத்துகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ரேவதி வந்தாள். மருந்துக்குழம்பு ஒரு தூக்கில் கொண்டு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றியதும் அதில் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனாள். அங்கே அலமாரி இருந்தது. கிண்ணத்தோடு அதன் முன்னால் நின்றாள்.

"ஃபிலோமினா பாத்தாளா?"

"பாத்துச்சே. சரின்னு சொல்லிச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்கம்மா ஊர்லேர்ந்து வரும்போதெல்லாம் இந்த ஜன்னல சாத்துடி சாத்துடின்னுவாங்க. அது அவளுக்கும் கேக்கும். நான் தெறந்து வெப்பேன். பதினோரு வருஷமா தெறந்து வெச்சிக்கினு இருந்தேன். இப்ப நீங்க செங்கல்லு வெச்சி அடைச்சிட்டீங்க. அவ இன்னா நெனச்சிருப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கழனி வைத்திருந்த குடும்பம். ஃபிலோமினாவின் அப்பா அம்மா எங்களைப் போன்றவர்களின் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவளும் அவள் கணவனும் சிப்காட் வேலையில் சம்பாதித்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டியவர்கள். என் அம்மாவின் வாயால் ஆகாததை நான் மேஸ்திரியை வைத்துச் செய்து முடித்திருந்தேன். என் மனசில் அப்படி ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் செங்கல்லைப் பார்க்கிறவளுக்கு என் மனசு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நான் நிரூபிக்கப் போனேன். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

ஃபிலோமினாவின் கணவர் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தப்பா நெனக்காதம்மா. இது கம்பெனி கணக்கு, நீயே பாரு" என்று பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். (எரிகிற அடுப்பில் ஊற்ற நானே எண்ணெய் கொண்டு போயிருக்கிறேன்.) அவள் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, சத்தமாக வாசித்தாள்.

"ஃபிலோமினா. இருபத்தி மூணு முறை. தேவையற்றது. நீக்கவும்."

அவள் கணவர் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் "அது உன்னைச் சொல்லலம்மா, ஜன்னலைச் சொன்னது" என்று உளறினேன். ஜன்னல் என்ற வார்த்தையே அந்தக் கட்டத்தில் இல்லை.

அவள் நோட்டை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "எங்கம்மா உங்கள மாதிரி ஆளுங்க கழனில எத்தினியோ பேச்சு வாங்கிக்கினு வேல செஞ்சிது. ஆனா யாரும் இப்டி கட்டம் போட்டு எழுதல சார்" என்றாள்.

மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டு அலமாரியை எடுத்து, சுவரை இடித்து, ஜன்னலைத் திரும்ப வைத்தேன். எங்கள் ஜன்னல் திறந்தது. அவள் ஜன்னல் திறக்கவில்லை. மூன்று மாதம் ரேவதி அந்தச் சாத்திய ஜன்னலைப் பார்த்தபடியே சமைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. சாப்பாட்டில் உப்புக்கூட சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. நான் போனால் ஃபிலோமினா கதவைத் திறந்து "சொல்லுங்க சார்" என்பாள். நான் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

ஒருநாள் காலை, நான் டிபன் பாக்ஸுக்காக நின்றிருந்தபோது, அந்தப் பக்கம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"ரேவதி, எங்கூட்டு மிக்ஸி புட்டுக்கிச்சு. இத்த கொஞ்சம் அரச்சிக் குடுக்கிறியா?"

ஒரு கிண்ணம் தேங்காய்த் துண்டுகள். ரேவதி மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். தேவைக்கு மேல் ரொம்ப நேரம் அரைத்தாள். சட்னி கூழாகிவிட்டது. அதை வாங்கிக்கொள்ளும்போதுதான் ஃபிலோமினா பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

"சார், இது ஒண்ணு. எழுதிக்கினீங்களா?"

மூன்று மாதத்துக்குப் பிறகு ரேவதி சிரித்தது அப்போதுதான்.

இன்றைக்கும் கிண்ணம் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமிருந்து எண் சொல்லும் குரல் வரும். என் மகள் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் இந்தக் கதையை நடித்துக் காட்டுகிறாள். ரேவதியின் தங்கை போன் செய்தால், "மாமா, நான் எத்தினியாவது வாட்டி?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஜன்னல் திறந்துவிட்டது, கிண்ணம் போய் வருகிறது, பேச்சும் பழையபடிதான். எனக்குத்தான் அண்ணன் பதவி போனது போனதுதான். நாலு வருஷமாக நான் அவளுக்கு சார்.