நொடியார் இல்லாத பதினாறு நாட்கள்

தில்லை நடராசருக்கு அடுத்தபடியாக இந்த உலகத்தை ஆட்டி வைத்தவர் எங்கள் நொடியார்தான். இப்படி எழுதுவது அபசாரம் என்கிறாள் என் மனைவி. ஈசன் பொறுத்துக்கொள்வான். அவனும் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டிக்கெட் புக்கிங் ஆபீசில் இருந்தேன். தலைமை ஆபீஸ் கடலூர் செம்மண்டலத்தில். சிதம்பரம் கீழவீதியில் கிளை. கிளை என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு சாமி படம். பத்தாவது மட்டும் படித்த எனக்கு அந்த மூன்றில் சாமி படம் ஒன்றுதான் புரியும்.

கடலூரில் ஒருவரும் சிதம்பரத்தில் ஒருவரும் ஒரே சீட்டைக் கேட்டால், முதலில் பதிந்தவருக்கே சீட்டு. யார் முதல் என்பதை அந்தந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம்தான் சொல்லும். சிதம்பரம் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கினால் போதும், பிறகு வந்தவர் முந்தி வந்தவராகிவிடுவார். அப்படித்தான் ஒருமுறை பன்னிரண்டாம் நம்பர் சீட்டுக்கு இரண்டு மாமியார்கள் சேர்ந்து, ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகத் திண்டிவனம் வரை சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு கடிகாரங்களைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் நொடியாரிடம் வந்தது. நொடிக் கணக்கில் பேசுகிறவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். தினமும் காலை ரேடியோ செய்திக்கு முன் வரும் ‘பீப்’ சத்தத்தைக் கேட்டுத் தன் கடிகாரத்தை வைப்பார். பிறகு எனக்குப் போன் வரும்.

“தம்பி, நான் ‘சிவா’ன்னு சொல்லுவேன். காதுல உழுந்த ஒடனே நீயும் ‘சிவா’ன்னு சொல்லணும்.”

“எதுக்குண்ணே?”

“என் கொரலு சிதம்பரம் வந்து திரும்ப எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்கணும். போற நேரம் அதுல பாதி. அதையும் கூட்டித்தான் ஒனக்கு மணி சொல்லணும். சொல்லட்டா? சிவா!”

“சிவா!”

“தூங்கறியா? இன்னொருதரம். சிவா!”

கவுண்டரில் நிற்பவர்கள் நான் போனிலேயே பூஜை செய்வதாக நினைத்தார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் பெங்களூருக்கு டிக்கெட் கேட்டார்.

ஒரு கல்யாணத்தில் நொடியார் முன்வரிசையில் எழுந்து நின்று, “முகூர்த்தம் முடிய இன்னும் நாப்பது செகண்டுதான் இருக்கு!” என்று கத்தினார். மாப்பிள்ளை அவசரத்தில் தாலியை மாலையோடு சேர்த்து முடிந்துவிட்டான். பிறகு கத்தரிக்கோல் தேடினார்கள்.

அவரை ஒரு பொருட்டாக மதிக்காதவர் அவர் வீட்டம்மா மட்டும்தான். நான் ஒருநாள் போயிருந்தபோது காபியை வைத்துவிட்டுச் சொன்னார்: “இவுரு மணியப் பாக்காத நேரமே இல்ல. என் மூஞ்சியப் பாத்து எத்தினி மாசம் ஆச்சின்னு கேளுங்க தம்பி.” நொடியார் ரேடியோவைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்த அம்மாள் ஒரு மார்கழியில் இரண்டே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் போனபோது நொடியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சுவரில் கடிகாரம் இல்லை. காரியம் முடிகிற வரை பதினாறு நாள் அவர் வேலைக்கு வரமாட்டார் என்றார்கள்.

“மணி வைக்கிறது ஒரு வேலையா? போன் போட்டு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கினு வச்சிக்குங்க,” என்றார் முதலாளி.

அப்படியே செய்தோம். காலையில் நான் கடலூர் கவுண்டர் மேரி அக்காவைக் கேட்டு என் கம்ப்யூட்டரைச் சரிசெய்வேன். சாயங்காலம் அக்கா என்னைக் கேட்டு அங்கே சரிசெய்வார். இரண்டு ஆபீசும் நொடி பிசகாமல் ஒரே நேரம் காட்டின. சீட்டுச் சண்டையே இல்லை. நொடியார் இல்லாமலேயே நடக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

இரண்டு பழைய கம்ப்யூட்டர்களும் நாளுக்கு முக்கால் நிமிடம் பின்தங்கிக்கொண்டே போனது எங்களுக்குத் தெரியாது. கைக்கடிகாரங்களையும் அவற்றைப் பார்த்துத்தான் வைத்திருந்தோம். கோயிலில் காலை பூஜை மணி வரவரச் சீக்கிரம் கேட்டது. மார்கழி அல்லவா, கூட்டம் ஜாஸ்தி, முன்கூட்டியே ஆரம்பிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நடராசரைச் சந்தேகப்பட்டேனே தவிர, கம்ப்யூட்டரைச் சந்தேகப்படவில்லை.

பதினாறாம் நாள் காலை, கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அப்பாவைப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். பஸ் ஆறு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து. “இன்னும் இருவது நிமிசம் இருக்கும்மா. ஒரு டீ குடிச்சிட்டு நிதானமா போங்க,” என்றேன். டீ நானே வாங்கிக் கொடுத்தேன். அவர் போனபோது பஸ் கிளம்பிவிட்டிருந்தது. டிரைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுகிறவர்; என் கம்ப்யூட்டரோ பன்னிரண்டு நிமிடம் பின்னால் இருந்தது.

அந்தப் பெண் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து அழுதார். மத்தியானம் வேறு பஸ் பிடித்துப் போனார். அவர் அண்ணன்தான் முதலாளிக்குப் போன் போட்டார்.

மறுநாள் செம்மண்டலத்தில் விசாரணை. மொட்டைத் தலையோடு நொடியாரும் அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

“தப்பு பண்ணவன் இன்னியோட வீட்டுக்குப் போவட்டும்,” என்றார் முதலாளி. “தம்பி, ஆபீஸ் சாவிய வை.”

வைத்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பத்தாவது படித்தவனுக்கு இன்னொருத்தன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போடுவானா?

நொடியார் மெதுவாகக் கேட்டார். “காலையில யார மணி கேட்ட?”

“மேரி அக்காவ.”

“மேரி, நீ சாயங்காலம் யார கேட்ட?”

“இவரத்தாங்க.”

“ரேடியோவ யாருமே கேக்கல?”

மேரி அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “ஒருத்தர் நெழல்ல ஒருத்தர் ஒதுங்கி நின்னிருக்கீங்க. ரெண்டு பேரு மேலயும் வெயிலு,” என்றார் நொடியார். பிறகு முதலாளியிடம் திரும்பினார். “தப்பு என்னுதுங்க. பீப் கேட்டு வைக்கணும்னு இவுங்களுக்குச் சொல்லிக் குடுக்காம நானே எல்லாத்தையும் வச்சிக்கிட்டேன்.”

“நீதான் லீவுல இருந்தியேய்யா?”

“லீவு எனக்குத்தாங்க. கடியாரத்துக்கு ஏது லீவு?”

மேசையிலிருந்த சாவியை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்துக்கொண்டேன்.

‘ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குங்கன்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. தினம் திருவாசகம் சொல்லும் நாக்கு. நொடியார் வேலையை விட்டுவிட்டுத் தன் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எத்தனை மணிக்குப் போனார் என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் போய்ச் சேர்ந்தபோது அவர் அப்பா கண்விழித்துப் பேசினாராம். அதைக் கேட்ட அன்று சன்னதியில் விழுந்து எழுந்தேன். ஆனாலும் மனசில் பாதிதான் ஆறியது.

அடுத்த வருடம் ஆபீசுக்கு நெட் வந்தது. இப்போது கம்ப்யூட்டரே எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரைக் கேட்டு மணி வைத்துக்கொள்கிறது. நொடியார் திட்டக்குடி பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். இரண்டு முறை போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

போன மார்கழித் திருவாதிரைக்கு மறுநாள், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நொடியாருக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ,” என்றார் தீட்சிதர்.

அப்போதுதான் உறைத்தது. அவர் நிஜப் பெயர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“தெரியாதுங்க சாமி.”

“தெரியாதா? யாருக்குன்னு சொல்லி அர்ச்சனை பண்றது?”

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“எங்க அண்ணனுக்கு சாமி,” என்றேன்.