காலமானவர் அனுப்பும் மறுப்புச் செய்தி

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் நலமாக இருக்க ஆசிகள்.

கடைசியாக உறுதியான தகவல்: நான் காலமாகிவிட்டேன். ஆதாரம், நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம். உங்கள் மாமியார் இதை மறுத்திருக்கிறார். அந்த மறுப்பைக் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் யாரும் இல்லை.

நடந்தது இதுதான். பத்திரிகை அலுவலகத்தில் பெரிய மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கு இரங்கல் செய்தி எழுதி வைத்துவிடுவோம். தேதியை மட்டும் பிறகு சேர்ப்போம். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. என்னைப் பற்றி யாராவது தப்பும் தவறுமாக எழுதிவிடுவார்களே என்று, என் இரங்கல் செய்தியை நானே எழுதி உங்கள் நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் போட்டு வைத்தேன். அதை உங்கள் கணினி படித்திருக்கிறது. என் எழுத்தைக் கடைசி வரி வரை படித்த வாசகர் என்ற வகையில் அதற்கு நன்றி. படித்ததோடு நிற்காமல் நம்பியும்விட்டது. என் கணக்கை முடக்கி, மேலே ஒரு மெழுகுவர்த்திப் படமும் வைத்துவிட்டது.

போனது மின்னஞ்சல்தானே என்று காலாற நடந்துவிட்டு வந்தால், வாசல் பூட்டும் உங்கள் நிறுவனத்துடையதாம்; திறக்கவில்லை. தட்டினேன். உள்ளேயிருந்து உங்கள் மாமியாரின் குரல் சிரிப்போடு வந்தது: "என்னங்க, வாசல்ல யாரோ அடையாளம் தெரியாத ஆள் நிக்கிறான், போலீஸக் கூப்பிடவான்னு இந்தப் பூட்டு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

அவர் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். அவருடைய திரைச்சீலைக் கடை என் பெயரில் பதிவாகியிருந்ததால், மறுநாள் முதல் உங்கள் இணைய வரைபடத்தில் அது 'நிரந்தரமாக மூடப்பட்டது'. ஒரு பெண் கடை வாசலில் நின்று போனைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"வாங்கம்மா, கடை தெறந்துதான் இருக்கு."

"மூடிட்டாங்கன்னு போட்டிருக்கே?"

"நான் உள்ள உக்காந்திருக்கேனே, தெரியலையா?"

"பாவம், உங்ககிட்ட யாரும் சொல்லல போல" என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் வந்தது நான் ஒருவன்தான். இப்படியே போனால் உங்கள் வரைபடம் சொல்வது உண்மையாகிவிடும்.

உதவிப் பக்கத்தைக் கேட்டேன். உயிரோடு இருப்பதை நிரூபிக்க, முடக்கப்பட்ட அந்தக் கணக்குக்குள்ளேயே நுழைய வேண்டுமாம். "பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போங்க மாமா, யாரு தடுத்தா?" என்று போன முறை சாப்பாட்டு மேசையில் கேட்டீர்களே, அதையும் செய்தேன். வேறொரு நிறுவனத்தின் வரைபடத்தில் கடையைச் சேர்க்கப் போனேன். அதை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். அங்கேயும் மெழுகுவர்த்தி.

"அந்தக் கம்பெனிய நாலா உடைக்கணுங்க" என்றார் உங்கள் மாமியார்.

"உடைச்சா நாலு எடத்துல போய் உயிரோட இருக்கேன்னு சொல்லணும்டி."

"நாலுல ஒருத்தனாவது நம்புவான்ல?"

உங்கள் சார்பில் வாதாடிப் பார்த்தேன். இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் நிறுவனத்தைப் பிரிக்கலாமா என்று அரசின் போட்டி ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. கருத்தை அனுப்பவும் உங்கள் நிறுவனத்தின் கணக்குதான் வேண்டும் என்பதால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பிரிக்கச் சொன்னேன், வருத்தப்படாதீர்கள். ஆணையத்தின் முடிவு இந்த மாதக் கடைசியில் வரும். நான் உயிரோடு இருக்கிறேனா என்பதில் உங்கள் நிறுவனத்தின் முடிவு எப்போது என்று தெரியவில்லை. 'பொறுமைக்கு நன்றி' என்று மட்டும் வந்திருக்கிறது. என்னை விடுங்கள், கடையையாவது திறந்துவிடுங்கள்.

இருவரும் நீண்ட நாள் வாழ்க. அதற்கு உங்கள் நிறுவனமும் சம்மதிக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: உங்கள் புது வீட்டு முகவரி என் கணக்கோடு போய்விட்டதால், இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உங்கள் மாமியாரின் கணக்கிலிருந்து அனுப்புகிறேன். நீளமானதை நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்து, உங்கள் கணினி தானாகவே மேலே ஒரு சுருக்கம் சேர்த்திருக்கிறது. எடுக்க வழி தெரியவில்லை. 'மாமனார் காலமானார். கடை மூடப்பட்டது. நிறுவனத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அவருடைய கடைசி விருப்பம். ஆசிகள்.' இதில் கடைசிச் சொல் மட்டும் சரி.