நிமிடத்துக்கு இருபத்திரண்டு துளி

திருநெல்வேலி,
16.08.2025, சனிக்கிழமை

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஜோர்ச் அத்தானுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உங்கள் தங்கை மிரியம் உடுப்பிட்டியில் மகள் ஜெயனி வீட்டில் சுகம். மட்டக்களப்பில் நீங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கதைத்தால் உங்களுக்குக் கேட்பதில்லை, கேட்டாலும் நீங்கள் நம்புவதில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். "வீடு விற்றாயிற்றா, இல்லையா? ஒரு வரியில் எழுதவும்" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில்தான் எழுதினேன். என் சட்டத்தரணி குகதாசன் அதைப் படித்துவிட்டு, அந்த வரி நாளைக்கு எங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்றார். ஆகவே அவருக்குக் காட்டாமல் பல வரிகளில் எழுதுகிறேன்.

விஷயம் குசினிக்குப் பின்னால் உள்ள தண்ணீர்ப் பைப், திருகித் திறந்து பூட்டுகிற பைப். இந்த வீட்டை மிரியத்துக்குச் சீதனமாக எழுதியபோது நீங்கள் உங்கள் கையாலேயே பூட்டிய அதே பைப். அது ஒழுகுகிறது. பூட்டியவர் யார் என்பதை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உங்களையும் இதற்குள் இழுத்துவிடுவார்கள். இந்த வரியைக் கிழித்துவிடவும்.

வீட்டை வாங்குபவர் நீர்வேலியைச் சேர்ந்த சீவரத்தினம், வாழைத் தோட்டக்காரர், சைவப்பழம். மகள் உதயகலா இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அவளுக்காகத்தான் வீடு. சுற்றிப் பார்க்க வந்த அன்று மனிதர் பத்து நிமிடம் நின்றார், அதில் எட்டு நிமிடம் மண்ணைப் பார்த்தார். "நல்ல மண் அண்ணை, வீடும் பரவாயில்லை" என்றார். போன ஐப்பசியில் உடன்படிக்கை எழுதினோம். ஒரு மாதத்தில் உறுதிப் பத்திரம் எழுதி முடிந்துவிடும் என்று நம்பி மிரியம் பேரப்பிள்ளையைப் பார்க்க உடுப்பிட்டிக்குப் போனாள், ஒரு லொறி நிறைய வீட்டையும் கொண்டுபோனாள். எனக்கென்று விட்டுச் சென்றவை ஒரு கதிரை, ஒரு பாய், ஒரு கோப்பை, ஒரு கேத்தில். ஒரு மாதத்துக்கு அது போதும். இப்போது பத்தாவது மாதம் நடக்கிறது.

சீவரத்தினத்தின் சட்டத்தரணி ஜெசிதா என்ற இளம்பெண். உறுதி எழுதப்போகும் நொத்தாரிசும் அவரே. உடன்படிக்கையில் "பைப்புகள், பூட்டுகள், யன்னல்கள் யாவும் பழுதின்றி ஒப்படைக்கப்படும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். மிரியம் கையெழுத்து வைத்தபின் நானும் படித்துப் பார்த்து, நல்ல தமிழ் என்று பாராட்டிக் கையெழுத்து வைத்தேன். கார்த்திகையில் ஜெசிதா பிள்ளை நேரில் வந்து, குசினியின் பின்புறம் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார். நாலாம் நாள் பதிவுத் தபால் வந்தது. மேற்படி பைப் நிமிடத்துக்கு முப்பது துளி வீதம் ஒழுகுகிறது, பதினான்கு நாட்களுக்குள் தங்கள் விளக்கம் தேவை.

இங்கேதான் அத்தான், நான் ஒரு தவறு செய்தேன். முப்பத்தொரு வருடம் மிஷன் பள்ளிக்கூட இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். பியூரெற்றில் துளி துளியாக விழுவதை எண்ணியே தலை நரைத்தவன். முப்பது என்று கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. கதிரையைப் பைப்புக்கு முன்னால் போட்டு, மணிக்கூட்டைக் கையில் வைத்து, மூன்று தரம் எண்ணிச் சராசரி எடுத்தேன். அந்தக் கடிதத்திலேயே முப்பதைச் சிவப்பு மையால் வெட்டி, "இருபத்திரண்டு. மூன்று வாசிப்புகளின் சராசரி. காலை 7.40, தாங்கி முக்கால்வாசி நிறைந்த நிலையில்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்துத் திருப்பி அனுப்பினேன். பிழையைத் திருத்திக் கொடுத்தால் பிள்ளை சந்தோஷப்படும் என்று நினைத்தேன்.

பிள்ளை மிகவும் சந்தோஷப்பட்டதாகக் குகதாசன் சொன்னார்.

"ஐசாக் அண்ணை, என்ன வேலை பாத்தியள்! ஒழுகுதெண்டு நீங்களே கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டியளே!"

"ஒழுகுதுதானே தம்பி. ஒரு றப்பர் வாசர் போட்டால் நிக்கும். நான் இப்பவே போய் வாங்கிக்கொண்டு வாறன்."

"ஐயோ, தொட்டுப்போடாதேங்கோ! இப்ப திருத்தினால் பழுது இருந்ததெண்டு ஒப்புக்கொண்ட மாதிரி."

"ஒப்புக்கொண்டிட்டன் எண்டு இப்பதானே சொன்னீர்?"

"அது வேறை, இது வேறை."

எது வேறு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆய்வுகூடத்தில் ஆறு பியூரெற் உடைத்த பையன் இவர். அன்றைக்கும் இதே விளக்கத்தைத்தான் சொன்னார். அதன்பிறகு பைப்புக்குக் கீழே ஒரு வாளி வைத்தேன். அது சாட்சியத்தை மறைப்பது என்று சொல்லி வாளியை எடுப்பித்தார். சரி, வீட்டைப் பூட்டிவிட்டு உடுப்பிட்டிக்குப் போய் இருக்கிறேன் என்றேன். பூட்டிவிட்டுப் போனால் வீட்டைக் கைவிட்டதாக மற்றப் பக்கம் எழுதும், நீங்கள் இங்கேயே படுத்தெழும்ப வேண்டும் என்றார். மிகவும் மன்றாடியபிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலையில் போய் இருட்டுமுன் திரும்புவதற்கு அனுமதி தந்தார். வழக்கு விஷயத்தை வீட்டாருடன் கதைக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே மிரியத்திடம் "சட்டச் சிக்கல்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளும் மேலே கேட்கவில்லை. கேட்காமலே புட்டு அவித்துத் தந்து, நாலு மணி பஸ்ஸுக்கு அனுப்பிவைக்கிறாள். அத்தான், எனக்கு வீட்டைப் பற்றி ஆசையில்லை. மிரியம் இருக்கிற வீட்டில் நானும் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பேக்கரிப் பாணும் சம்பலும் தின்று தின்று இப்போது கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்காமலே கால் றாத்தல் வெட்டுகிறார்.

தையில் இரண்டு சட்டத்தரணிகளும் சேர்ந்து தலப் பார்வைக்கு, அதாவது பைப்பை நேரில் பார்க்க, வந்தார்கள். பைப் வேலை செய்கிற லக்ஷன் என்பவரையும் நிபுணர் என்று கூட்டி வந்தார்கள். லக்ஷன் பைப்பை ஒருதரம் பார்த்தார், "அஞ்சு நிமிச வேலை" என்றார், காற்சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

"தொடாதேங்கோ!" என்று இரண்டு சட்டத்தரணிகளும் ஒரே குரலில் கத்தினார்கள். இந்தப் பத்து மாதத்தில் இருவரும் உடன்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

"அப்ப என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டனியள்?"

"அறிக்கை ஒண்டு எழுதித் தரவேணும்" என்றார் ஜெசிதா.

"எழுதுறதெண்டால் நான் ஏன் தங்கச்சி பைப் வேலைக்கு வந்தனான்?" என்று சொல்லிவிட்டு லக்ஷன் மோட்டார் சைக்கிளில் ஏறியவர்தான். பிறகு காணவில்லை.

வாங்குபவர் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். சீவரத்தினம் தங்கமான மனிதர். "அண்ணை, நான் பைப்பைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. லோயர் பிள்ளை தானாய்க் கண்டுபிடிச்சது. இப்ப நான் வேண்டாமெண்டால் உறுதியை ஆர் எழுதுறது?" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவரும் பைப்பைத் தொடக்கூடாது. தொட்டால் இருந்தபடியே வீட்டை ஏற்றுக்கொண்டதாகிவிடுமாம். என்றாலும் ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆராதனை முடிந்து கோயிலால் வந்தபிறகு, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வருவார். பைப்பைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று இருவருக்கும் உத்தரவு இருப்பதால், அதன் முன்னாலேயே உட்கார்ந்து வேறு எல்லாவற்றையும் கதைப்போம். கதிரை ஒன்றே இருப்பதால் அவர் வாசற்படியில் இருப்பார்.

மார்கழியில் ஒரு ஞாயிறு அவருக்குப் பொறுக்கமுடியாமல் போய்விட்டது. "தண்ணி சும்மா மண்ணிலை போறதைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடி அண்ணை இருக்கிறது?" என்று சொல்லி, அடுத்த கிழமை சைக்கிளில் ஒரு வாழைக்குட்டி கொண்டுவந்து துளி விழுகிற இடத்திலேயே நட்டார். வாழைக்குட்டி நடக்கூடாது என்று எந்தச் சட்டத்தரணியும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அது வளர்ந்தது. தையில் தலப் பார்வைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். வைகாசியில் ஜெசிதா பிள்ளை மறுபடி துளி எண்ண வந்தபோது, அதன் இலையைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் எண்ணினார். ஒருவரும் வாழையைக் காணவில்லை, கண்டவர்கள் எழுதவில்லை. போன மாதம் அது குலை தள்ளியது. இதுவரை பரிமாறப்பட்ட கடிதங்கள் பதினேழு. பைப் இன்னும் ஒழுகுகிறது. இதுதான் நிலைமை.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் காது, அக்காவின் முழங்கால், வீட்டிலுள்ள சகல பைப்புகள், எல்லாவற்றையும் ஆண்டவர் பழுதின்றிக் காத்தருள வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
ஐசாக்

பிற்குறிப்பு (17.08.2025, ஞாயிறு):

கடிதத்தை ஒட்டுமுன் மிரியம் வந்துவிட்டாள். ஆசிரியையான ஜெயனிக்குப் பள்ளிக்கூட லீவு என்பதால், பேரனை அவளிடம் விட்டுவிட்டு, சொல்லாமல் உடுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறியிருக்கிறாள். நானும் சீவரத்தினமும் வழக்கமான இடத்தில் இருந்தோம். அவள் எங்களைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள், பைப்பைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, சட்டச் சிக்கல் எண்டு சொன்னது உந்தப் பைப்பையோ?"

நான் நிபந்தனையை நினைத்து ஒரு வாழைப்பழத்தை உரித்து வாயில் போட்டேன். சீவரத்தினம் "ஓம் அக்கா" என்றார்.

"நான் உறுதிதான் பிழையாக்குமெண்டு நினைச்சு, சபையிலை எட்டுக் கிழமை உபவாச ஜெபம் வைப்பிச்சனான்! அந்தச் சனமெல்லாம் பட்டினி கிடந்தது ஒரு வாசருக்கோ?"

சந்திக் கடைக்குப் போய் வாசரும், அவர்களுடைய ஸ்பானரை இரவலாகவும் வாங்கி வந்தாள். என்னைக் கொண்டு தாங்கியின் வால்வைப் பூட்டுவித்து, தானே வாசரை மாற்றி, மறுபடி வால்வைத் திறப்பித்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்: நாலு நிமிடம், பத்து விநாடி. பைப் நின்றுவிட்டது. சீவரத்தினத்தின் முகம் மட்டும் செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"என்ன தம்பி, இனி உறுதி எழுதலாம்தானே?" என்றாள் மிரியம்.

"எழுதலாம் அக்கா. ஆனால் குலை… கதலி. இன்னும் ரண்டு மாசம் கிடக்கு. இந்த வெய்யிலுக்குத் தண்ணியை நிப்பாட்டினால் காய் சூம்பிப்போம். அது இந்தத் துளிக்குப் பழகின வாழை."

அப்போதுதான் மிரியம் குலையைப் பார்த்தாள். சுற்றிவந்து சீப்புகளை எண்ணினாள். ஒன்பது.

"என்ரை சீதனக் காணியிலை விளைஞ்ச குலை. இதை வெட்டாமல் நான் எங்கையும் போகேன்" என்றாள். "பேரனை நாளைக்கே இஞ்சை கூட்டிவாறன். ஜெயனி சனி, ஞாயிறு வந்து பாக்கட்டும். இஞ்சருங்கோ, லொறிக்காரனுக்குச் சொல்லுங்கோ, சட்டி பானை வரவேணும்."

உறுதியைக் குலை வெட்டியபின் எழுதுவது, குலையில் பாதி நீர்வேலிக்கு, பாதி உடுப்பிட்டிக்கு என்று சீவரத்தினமும் மிரியமும் வாய்ச்சொல்லாகவே பேசி முடித்துவிட்டார்கள். சட்டத்தரணிகளுக்குச் சொல்வதில்லை என்பதும் அதில் ஒரு நிபந்தனை. இன்றைக்கு மத்தியானம், மிரியம் பொதி கட்டி வந்த புட்டை நான் இந்த வீட்டில் சாப்பிட்டேன்.

பிறகு மிரியம் சொன்னபடி, திருத்திய பைப்பை மெல்லத் திறந்து பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். முப்பத்தொரு வருட அனுபவம், கை தவறவில்லை. மூன்று தரம் எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

அத்தான், நீங்கள் கேட்ட ஒரு வரி: வீடு விற்கவில்லை, பைப் ஒழுகுகிறது, ஆனால் பழுதில்லை.