பாய்லர் வாசலில் நிற்கிறார்

டெக்ஸாஸில் துப்பாக்கிக்காரர்களை நடுங்க வைத்தவர் என்று நான் அறிந்த மனிதர் ஒருவர்தான். அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் மடக்குக் குடை.

அவரை எல்லோரும் பாய்லர் என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும், நாங்கள் விசாரித்ததில்லை. தமிழ்நாட்டில் சர்க்கரை ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் கொதிகலன்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹூஸ்டனில் மகனோடு வந்து தங்கியதும், இங்கே சோதிக்கக் கொதிகலன் அகப்படாததால் எங்களைச் சோதிக்கத் தொடங்கினார்.

யார் வீட்டுக்கு அழைத்தாலும் நேராக உள்ளே வரமாட்டார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார்.

“வீட்டுல துப்பாக்கி இருக்கா?”

நம் ஊரில் ‘நாய் கட்டியிருக்கா?’ என்று கேட்பார்களே, அதே தொனி. இல்லை என்றால் அடுத்த செருப்பும் கழலும். இருக்கிறது என்றால், “எங்க இருக்கு? பூட்டியிருக்கா? சாவி யார்கிட்ட?” என்று வரிசையாக வரும். பதில் திருப்தியாக இருந்தால் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே வந்து, காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்பார்.

அவமானம் எனக்கு. எனக்கும் கார் ஓட்டத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே தெரு என்பதால், எந்த விசேஷத்துக்கும் எங்களைச் சேர்த்தே பின்சீட்டில் ஏற்றிவிடுவார்கள். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் நான் பழப் பையோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி நிற்பேன்.

ஒரு நவராத்திரிக்குப் போயிருந்தோம். நான் வாசலில் இருந்தபடியே கொலுப் பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழில் இருந்தபோது பாய்லர் தன் கேள்வியைப் போட்டார்.

“ரெண்டு இருக்கு அங்கிள். ரெண்டுமே பூட்டித்தான் இருக்கு” என்றாள் அந்த வீட்டுப் பெண்.

பின்னால் நின்ற கணவன் மெதுவாக, “மூணு” என்றான்.

“மூணா? மூணாவது எப்ப வாங்கின?”

“போன தேங்க்ஸ்கிவிங் சேல்ல... நல்ல டீல்மா.”

“எனக்குப் பட்டுப்புடவை வேணும்னப்ப மட்டும் பட்ஜெட் இல்லைன்ன?”

அன்று எங்களுக்குச் சுண்டல் கிடைக்கவில்லை. நாற்பத்தேழுக்கு மேல் எத்தனை பொம்மை என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

பூங்காவில் எங்களோடு நடக்க வருகிறவர் மோட்டல் கவுண்டர். கோயம்புத்தூர்ப் பக்கம். நெடுஞ்சாலை ஓரம் மோட்டல் நடத்துபவர். இடுப்பில் எப்போதும் துப்பாக்கி. பாய்லரைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஏனுங்க பாய்லரே, என்ற மோட்டல்ல ரெண்டு தடவ கொள்ளையடிச்சுப் போட்டானுங்க. போலீசு வர்றதுக்குள்ள அவன் அடுத்த ஊரே போயிட்டான். துப்பாக்கி இல்லாம நான் என்ன பண்றது, உங்க குடையக் காட்டறதா?”

“தாராளமா வெச்சுக்கோங்க. நான் வேண்டாம்னேனா? பாய்லரையே வெச்சு வேலை வாங்கறோம். சேஃப்டி வால்வ் இருக்கான்னுதானே கேக்கறேன்?”

“அது என்ற உரிமைங்க!”

“உரிமை உங்களோடது. உங்க வீட்டுக்கு விளையாட வர்ற குழந்தை யாரோடது?”

கவுண்டர் அன்று தனியாக நடந்தார்.

சரி, இவர் துப்பாக்கிக்கு எதிர்க்கட்சி என்று நினைத்து என் மருமகள் கவிதா, துப்பாக்கியைத் தடை செய்யக் கோரும் மனுவை எடுத்துக்கொண்டு ஆசையாகப் போனாள். பாய்லர் முழுவதும் படித்தார்.

“நல்லா இருக்கும்மா. சட்டமாக எத்தனை வருஷம் ஆகும்?”

“தெரியாது அங்கிள். போராடணும்.”

“போராடு. அதுவரைக்கும் இருக்கறதைப் பூட்டுங்கன்னு ஒரு வரி சேர்த்துக் கொண்டு வா. கையெழுத்துப் போடறேன்.”

“அவர் துப்பாக்கிக்காரங்க ஆளு மாமா” என்று என்னிடம் வந்து பொருமினாள் கவிதா. கவுண்டரோ, “அந்தாளு தடைக்கார கோஷ்டிங்க” என்றார். இரு தரப்புக்கும் நடுவே மனுஷர் குடையோடு நடந்துகொண்டிருந்தார். சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பிறகு என் பேத்தி மீராவின் ஆறாவது பிறந்தநாள் வந்தது. உள்ளே ஒன்பது குழந்தைகள். கேக் வெட்டியாயிற்று. பாய்லர் பரிசுப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு செருப்போடு எங்கள் வாசலில் நின்றார்.

“வீட்டுல துப்பாக்கி...”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “சார், இன்னிக்காவது விடுங்களேன்! இந்த வீட்டுல மூணு வாசல், பதினாலு ஜன்னல், ஏழு புகை அலாரம். எல்லாம் நான் எண்ணினது. துப்பாக்கி சைபர். உள்ள வாங்க.”

“என்னைப் போயா கேக்கறீங்க அங்கிள்?” என்று கவிதா சிரித்தாள்.

பாய்லர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பலூன் ஊதிக்கொண்டிருந்த என் மகன் செந்திலைப் பார்த்தார். அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தே பழகிய கண்.

“நீ சொல்லலியே, செந்தில்?”

செந்தில் வாயிலிருந்து பலூனை எடுத்தான். “ஒண்ணு இருக்கு அங்கிள். இந்தப் பக்கம் நம்மாளுங்க வீடாப் பார்த்து, தங்கத்துக்காக உடைக்கறாங்க. அதான்... ரொம்ப சேஃபா வெச்சிருக்கேன். கவிதாவுக்கே தெரியாது.”

“எனக்கே தெரியாதா?” என்றாள் கவிதா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

அப்போதுதான் வாயெல்லாம் கேக் க்ரீமோடு மீரா குதித்தாள். “ஐ நோ! இட்ஸ் இன் த ப்ளூ சூட்கேஸ். அண்டர் தாத்தாஸ் ஸ்வெட்டர்!”

வீட்டிலிருந்த ஒன்பது குழந்தைகளையும் நான் இரண்டு முறை எண்ணினேன். கணக்குச் சரியாகவே வந்தது. மூன்றாம் முறையும் எண்ணத் தொடங்கினேன்.

பாய்லர் ‘சொன்னேனா இல்லையா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “குண்டு போட்டிருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

செந்தில் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

“மொதல்ல அதை எடு. நானும் மேல வர்றேன். எடுத்து வெச்சுட்டு, கடைக்குப் போய்ப் பூட்டற பெட்டி வாங்கிட்டு வா.”

“பார்ட்டி முடிஞ்சதும் போறேன் அங்கிள்.”

“பாய்லர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வெடிக்காது. கிளம்பு.”

செந்தில் கடையிலிருந்து திரும்பும்வரை, அவர் நீலச் சூட்கேஸ் இருந்த மாடி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குழந்தைகள் இது ஒரு விளையாட்டு என்று நினைத்து, ஒவ்வொருவராக வந்து உள்ளே நுழையப் பார்த்தார்கள். எல்லோரையும் குடையால் மறித்தார். கவிதா கேக் கொண்டுவந்தாள். “வேலை முடியலைம்மா” என்று திருப்பி அனுப்பினார். அந்த அறைக்குள் இருக்கும் குளியலறைக்கு நான் அவசரமாகப் போனேன். “கீழ ஒண்ணு இருக்கே” என்றார். என் வீட்டில், என்னிடம்!

எரிச்சலில் கேட்டேவிட்டேன். “ஏன் சார் இப்படி? உங்க வீட்டுல ஏதாவது நடந்துதா?”

“ஒண்ணும் நடக்கலை சார். நான் கையெழுத்துப் போட்ட பாய்லர் ஒண்ணுகூட வெடிச்சதில்லை. அதனாலதான் என்னை ஒருத்தருக்கும் தெரியலை.”

செந்தில் இரும்புப் பெட்டியோடு வந்தான். அதைப் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து அவன் கை ஓய்ந்தபிறகே பாய்லர் கீழே இறங்கினார். கேக் தித்திப்பு அதிகம் என்றார். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

துப்பாக்கி வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று கவிதாவுக்கும் செந்திலுக்கும் வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு வரக் காணோம். பெட்டி மட்டும் பூட்டியே இருக்கிறது.

பாய்லரின் மகனுக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அங்கே இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒல்லியாக, குடையோடு, ஒற்றைச் செருப்பில் ஒரு கிழவர் உங்கள் வாசலில் நின்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் அவர் கேட்கும்வரை காத்திராமல், கதவைத் திறந்ததுமே பதிலைச் சொல்லிவிடுங்கள். அங்கே குளிர் அதிகம். அவருக்கு மூச்சு இரைப்பு உண்டு.