அபர்டீனில் இருப்பவரை நைல் நதியில் தேடியது

மலர் ஆசிரியர் அவர்களுக்கு,

மோர்டனிலிருந்து தாரிணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் அனைவரும் நன்றாக உலர்ந்து, சுகமாக இருக்கிறோம். அபர்டீனில் தாங்களும் புது வேலை, புது அறை, கடற்காற்று எல்லாவற்றோடும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தடிமன் மாறிவிட்டதா? போன வாரம் தொலைபேசியில் குரல் அடைத்திருந்தது. இரண்டு நேரமும் ஆவி பிடிக்கவும். இது ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடிய விடயம் அல்ல என்பதால், மெய்ப்புப் பார்க்கும்போது வெட்டிவிடவும்.

அந்தத் தொலைபேசியில் தாங்கள் கேட்டவை இரண்டு. "பயணக் கட்டுரை எப்ப வரும்? மற்றதும் எப்ப வரும்?" என்று ஒரே மூச்சில் கேட்டீர்கள். கட்டுரை என்பது நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டது. மற்றது, ஜூன் மாதம் கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பிடத்தில், போன மலரின் கடைசி மெய்ப்புத் தாள்களை நான் உங்கள் கையில் தந்தபோது, நீங்கள் தாளைப் பார்க்காமல் கேட்டது. "எங்கடை அம்மாவைக் கொண்டு உங்கடை வீட்டிலை கதைக்கச் சொல்லட்டோ?" நான் "உகண்டாவாலை வந்து சொல்லுறன்" என்றேன். பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது உகண்டாவிலிருந்து வந்து பதினேழு நாட்கள். கட்டுரையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது இலகு.

வழமையாக எங்கள் சங்கம் கோடையில் மோர்டன் பூங்காவைச் சுற்றி நடைபவனி போகும். இளையோர் வருவதில்லை என்று தலைவர் மகாலிங்கம் அங்கிளுக்கு நீண்ட நாள் மனவருத்தம். எங்கேயோ ஒரு விளம்பரத்தில் அசையாத தண்ணீரையும் சூரியன் மறைவதையும் ஒரு படகையும் பார்த்துவிட்டு, பொதுக்கூட்டத்தில் "நைல் நதியிலே படகுச் சவாரி" என்று அறிவித்தார். கூரை போட்ட படகு, சாய்ந்திருக்கச் சாய்மனை, தேத்தண்ணி என்று எல்லோரும் நினைத்துப் பெயர் கொடுத்தார்கள். ஏழு பெயர்கள். தலைவர், அவருடைய மனைவி கமலாம்பிகை அன்ரி, செயலாளர் பெனடிக்ற் அங்கிள், தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒருவரோடொருவர் மட்டும் சண்டை பிடிக்கும் ஒரு தம்பதி, ஆசிரியர் என்ற முறையில் நீங்கள், இளையோர் பிரிவு என்ற முறையில் நான் ஒருத்தி. உங்கள் பெயரைப் பார்த்த பிறகுதான் நான் கை உயர்த்தினேன். ஜூலையில் வேலை கிடைத்து நீங்கள் வடக்கே போய்விட்டீர்கள். பெயரை வாபஸ் வாங்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. ஏன் வாபஸ் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஜின்ஜா என்ற ஊரில், விக்டோரியா ஏரியை விட்டு ஆறு புறப்படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, எங்களை இறக்கினார்கள். கூரையும் இல்லை, சாய்மனையும் இல்லை. ஒரு ரப்பர் படகு, ஆளுக்கொரு துடுப்பு, தலைக்கவசம், உயிர்காப்பு அங்கி. வழிகாட்டியின் பெயர் வைஸ்வா. அவருக்கு முப்பது வயது இருக்கும். அந்த ஆற்றில் பன்னிரண்டு வருடம் படகு விட்டவர். அவர் பாதுகாப்பு விளக்கம் தொடங்க வாயைத் திறந்தார். தலைவர் "ஒரு நிமிசம்" என்று கையைக் காட்டிவிட்டுத் தன் பயணப்பெட்டியிலிருந்து குத்துவிளக்கைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்தத் தொடங்கினார். மங்கள விளக்கு ஏற்றாமல் எங்கள் சங்கம் எதையும் ஆரம்பித்ததில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆற்றங்கரைக் காற்றில் ஒரு திரி பற்ற மற்றத் திரி அணைந்தது. ஐந்து திரிக்கு ஐந்து பிரமுகர்கள் வேண்டும். நாங்கள் ஆறு பேர் என்பதால் ஒருவரை விட வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து நிமிடம் போனது. பிறகு ஒரு நிமிட மௌன அகவணக்கம். வைஸ்வா தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னிடம் மெல்ல, "யார் இறந்தது?" என்று கேட்டார். வரவேற்புரை, தலைமையுரை. தலைமையுரை கல்லூரி நிறுவப்பட்ட வருடத்திலிருந்து தொடங்கியது.

"இஞ்சருங்கோ," என்றா கமலாம்பிகை அன்ரி, "உங்கடை உரையை அந்த ஆத்துக்குச் சொல்லுங்கோ. நிண்டு கேக்குதோ பாப்பம்."

கடைசியாக வைஸ்வாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை உயிர்காப்பு அங்கிக்கு மேலே, கழற்றாமல், மிக மரியாதையாகப் போட்டுக்கொண்டு, "இப்போது நான் பேசலாமா?" என்றார். விழுந்தால் எழுந்து நிற்க முயலக்கூடாது, கால்களை மேலே தூக்கி ஆற்றோடு போக வேண்டும், கயிறு வந்தால் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய உரை. பெனடிக்ற் அங்கிள் அதற்கு நன்றியுரை சொன்னார்.

பாறைகளுக்கிடையே ஆறு விழுந்து நுரைக்கும் இடங்கள் எட்டு. முதல் இரண்டிலும் வைஸ்வா "முன்னோக்கி!" என்று ஆங்கிலத்தில் கத்துவார், தலைவர் அதை "அன்பர்கள் எல்லாரும் முன்னோக்கித் துடுப்புப் போடுமாறு" என்று தமிழில் முடிப்பதற்குள் நாங்கள் அந்த இடத்தைத் தாண்டி, பின்பக்கமாகப் போய்க்கொண்டிருப்போம். என் பக்கத்து இடம் வெறுமையாக இருந்ததால் பாரம் சரிக்கட்டவென்று கரையில் நின்ற உதவியாள் ஒருவர் அதில் நீர்புகாத பை ஒன்றைக் கட்டி வைத்தார். அதற்குள் எங்கள் சாப்பாடு. நான் அரை நாளும் ஒரு சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் இருந்தேன். படகு சாயும்போதெல்லாம் அது என் தோளில் சாய்ந்தது. இரண்டு பாய்ச்சல்களுக்கு இடையில் ஆறு அகன்று, சத்தமில்லாமல், மேகங்களைச் சுமந்துகொண்டு போகும். ஒரு மீன்கொத்தி எங்களை விடக் கொஞ்சம் முன்னால் பறந்து பறந்து போய் நின்றது. அப்போது யாரும் பேசவில்லை, தலைவர்கூட. காட்டுவதற்கு ஆள் இல்லாமல் அழகான ஒன்றைப் பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருப்பேன்.

ஐந்தாவது இடத்துக்கு முன்னால் ஆறு இரண்டாகப் பிரிந்தது. "இடது பக்கம் அமைதி, வலது பக்கம் கடுமை. நீங்களே முடிவு செய்யுங்கள், சீக்கிரம்," என்றார் வைஸ்வா. சீக்கிரம் என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் ஆட்களுக்குக் கேட்டது. இடது பக்கம் என்று அன்ரி பிரேரித்தா, பெனடிக்ற் அங்கிள் வழிமொழிந்தார். அன்ரி இடது என்றதால் தலைவர் வலது என்றார். தோர்ண்டன் ஹீத் அக்கா இடது, அதனால் அண்ணை வலது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வலது பக்கத்துக்குத் துடுப்பை உயர்த்தினேன். ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் கடுமையான பக்கத்துக்கு வாக்களித்தது அதுதான் முதல் தடவை.

"மூண்டுக்கு மூண்டு," என்றார் பெனடிக்ற் அங்கிள்.

"அப்ப தலைவரின்ரை தீர்ப்பு வாக்கு," என்றார் தலைவர்.

"தலைவர் ஏற்கெனவே கை தூக்கிப்போட்டார். சங்க யாப்பின்படி ரெண்டு தரம் தூக்கேலாது."

"எந்த யாப்பு? பழையதோ, திருத்தினதோ?"

"திருத்தினதை நீங்கள் இன்னும் ஏற்கேல்லையே!"

"உறுப்பினர்களே," என்றார் வைஸ்வா, "ஆறு வாக்களித்துவிட்டது."

படகு செங்குத்தாக எழுந்தது. வானம் தெரிந்தது, தலைவரின் சப்பாத்து தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீருக்குள் இருட்டு என்று நினைத்திருந்தேன். இல்லை, கலங்கிய பச்சை வெளிச்சம். எந்தப் பக்கம் மேல் என்று தெரியாது. காலைத் தூக்கு, கயிற்றைப் பிடி என்ற எதுவும் நினைவில் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் நான்கு வினாடி என்றார் வைஸ்வா, நான் ஒத்துக்கொள்ளவில்லை. தலை வெளியே வந்ததும் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைக் கட்டுரையில் போட முடியாது. உங்கள் பெயரைக் கத்தினேன். "யனுஷன்!" என்று. இரண்டு தரம்.

காவலுக்குக் கயாக் என்ற ஒற்றையாள் படகுகளில் வந்த இரண்டு பேரில் ஒருவர் என்னை இழுத்து ஒரு பாறையில் போட்டார். நான் ஆற்றை இருமிக்கொண்டு கிடந்தேன். அதற்குள் வைஸ்வா நனையாத உறைக்குள்ளிருந்து பட்டியலை எடுத்துவிட்டார். அந்தப் பட்டியலில் இன்னும் ஏழு பெயர்கள், நான் கத்தியதும் அதில் ஒன்று; புறப்படும்போது ஆள் எண்ண எங்கள் உரைகள் அவருக்கு நேரம் விட்டிருக்கவில்லை. நீங்கள் வராமல் நின்றதை அவர்களுக்கு அறிவிக்க வேண்டியவர் செயலாளர். அறிவித்தாரா என்பது அடுத்த பொதுக்கூட்டத்துக்கு உரிய விடயம். வைஸ்வா தலைகளை எண்ணினார். ஆறு. மறுகரையில் கிடந்த தலைவரைப் பார்த்து, "யனுஷன் உங்களோடா?" என்று கத்தினார். தலைவர் நெஞ்சில் கை வைத்து, "ஓம், ஓம், அவர் எங்கடை ஆள்தான்!" என்று சொல்லி, அதை ஆங்கிலத்திலும் உறுதிப்படுத்தினார்.

வைஸ்வா பொன்னாடையை இழுத்து எறிந்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தார். இரண்டு கயாக் படகுக்காரர்களும் ஒவ்வொரு சுழியாகப் போய்த் துடுப்பால் துழாவினார்கள். பத்து நிமிடம். மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். "யானுஷான்! யானுஷான்!" நான் மூன்று வருடமாக யார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லாத பெயர், அந்த ஆறு முழுக்க, பாறைக்குப் பாறை, முன்பின் தெரியாத மனிதர்களின் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீங்கள் அபர்டீனில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பேச மூச்சு வந்த பிறகும், ஒரு நிமிடம் நானும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது தலை தெரியுமா என்று. அந்த ஒரு நிமிடத்துக்காக வைஸ்வாவிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

"அவர் வரவில்லை," என்றேன். "எங்கே?" "ஸ்கொட்லாந்தில்." அவர் பாறையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். பிறகு, "அடுத்த முறை அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்," என்றார். "ஆள் இருந்தால் தேடுவது சுலபம்."

துவாயால் என் தலையைத் துவட்டிய கமலாம்பிகை அன்ரி காதருகே குனிந்தா. "ஆத்துக்குள்ளை விழுந்தால் சனம் அம்மா எண்டெல்லோ கத்தும்?"

"கட்டுரைக்கு நாள் முடியுது எண்ட யோசனை, அன்ரி."

"ஓமோம். எனக்கும் ஒரு காலத்திலை அப்பிடிக் கட்டுரை யோசனை வந்தது. இப்ப அது அந்தா, சப்பாத்தைத் தேடிக்கொண்டு நிக்குது."

இவ்வளவுதான் பயணம். இதில் எது பிரசுரிக்கத் தகுந்தது என்று நீங்களே பாருங்கள். விளக்கேற்றும் படம் ஒன்று நன்றாக வந்திருக்கிறது.

மற்றது. இனித் தள்ளிப்போட ஏலாது. கோலியர்ஸ் வுட்டில் அந்தத் தரிப்பிடத்தை நான் கிழமைக்கு ஐந்து தரம் தாண்டுகிறேன். அதில் யாராவது தாளும் கையுமாக நின்றால் பஸ்ஸுக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்கிறேன். மலருக்கு வேலை இல்லாத மாதங்களில்கூட ஏதாவது எழுத்துப்பிழை கண்டுபிடித்து உங்களுக்கு அனுப்ப முடியாதா என்று பழைய மலர்களைப் புரட்டுகிறேன். ஆனாலும், வீட்டில் கதைக்கச் சொல்ல வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். மார்கழி முடியட்டும். கதைத்த அடுத்த மணித்தியாலம் அது மோர்டனுக்குத் தெரியும், மாலைக்குள் தோர்ண்டன் ஹீத்துக்கு. மண்டபம் எது, கூறைச்சேலை என்ன நிறம், சாப்பாடு யாரிடம் என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த மூன்று வருடமும் என்னிடம் இருந்தவற்றில் வேறொருவரும் தொடாதது இது ஒன்றுதான். அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களைக் காணாமல் இருப்பதைவிட அது பெரிதா என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் மாறிவிடும்.

தங்கள் பணியும் உடலும் நலமாக இருக்கவும், அபர்டீனில் நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது வெயில் எறிக்கவும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மெய்ப்புநோக்குநர்,
தாரிணி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா.

"ஆருக்கடி இவ்வளவு நீளமா எழுதுறாய்?"

"மலர் ஆசிரியருக்கு. கட்டுரை."

"ம். அந்தப் பெடியனை ஆத்துக்குள்ளையிருந்து எடுத்தாச்சோ, இல்லையோ?"

என் தலை ஈரம் காயும் முன்பே கமலாம்பிகை அன்ரி கரையில் நின்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறா. பதினேழு நாளாக அம்மா என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றா. "நீ உன்ரை பாட்டிலை புத்தகத்தோடை திரியிறாய். எனக்கு ஏலாமல் போச்சு."

"அப்பாவுக்கு?"

"அப்பா போன ஞாயிறே அவையின்ரை வீட்டை போய்க் கதைச்சிட்டு வந்திட்டார். தாய் நல்ல மனுசியாம். கோப்பி நல்லாயிருந்ததாம்."

"அவருக்குத் தெரியுமே, அம்மா?"

"எவருக்கு?"

"யனுஷனுக்கு."

"அதை நீதான் சொல்லோணும். எல்லாத்தையும் நாங்களே செய்யேலுமோ?"

மேலே மற்றது பற்றி எழுதிய பந்தியை வாசிக்க வேண்டாம். சொல்லுகிறேன்: ஓம். இந்த வெள்ளிக்கிழமை ரயிலில் வாரும். இங்கே எல்லோரும் கதைத்து முடித்துவிட்டார்கள். நானும் நீரும்தான் இன்னும் கதைக்கவில்லை.